சீர்த்தட்டில் வந்த கான்கிரீட்

எங்கள் நிலையத்துக்கு வருகிறவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். "இந்த எடத்துல இத எப்படிங்க ஆரம்பிச்சீங்க?" பொருள்களின் வலிமையை ஆராயும் நிலையம் என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டிக்கொண்டு, கடத்தூருக்குப் பக்கத்தில், ஒரு புறம் மஞ்சள் காடும் மறு புறம் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காடுமாக ஒரு கட்டடம் நிற்பதை அவர்களால் நம்ப முடிவதில்லை. எங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. தொலைநோக்கு, கிராமப்புற வளர்ச்சி, தொழில்நுட்ப எழுச்சி என்றெல்லாம் வரும். எழுதியவள் நான்தான் என்பதால் சொல்கிறேன், அதை யாரும் நம்ப வேண்டாம். இந்த நிலையம் தொடங்கியது எனக்கும் என் அண்ணனுக்கும் நடந்த சண்டையில்.

முதலில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். யாராவது ஒரு பொருளைக் கொண்டுவருவார்கள். நாங்கள் அதை உடைப்போம். கம்பியாக இருந்தால் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து அறுப்போம். செங்கல்லாக இருந்தால் நசுக்குவோம். எவ்வளவு தாங்கிவிட்டு உடைந்தது என்று சொல்வோம். இதை முதன்முதலாக என் மாமியாரிடம் விளக்கியபோது, "இதுக்காடி இத்தன வருசம் படிச்ச? நம்ம வூட்டு எருமையக் கட்டி வெச்சா இத விட ஜாஸ்தி ஒடைக்குமே" என்றார். அந்த அவமானத்திலிருந்து நான் இன்னும் முழுதாக மீளவில்லை.

அதற்கு முன் நான் சேலம் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர், மாரண்டஹள்ளிக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். உலோகங்கள் அவருடைய துறை. எந்தக் கம்பியைக் கண்டாலும் வளைத்துப் பார்க்காமல் விட மாட்டார், கல்யாண வீட்டுப் பந்தல் கம்பி உட்பட. மாணவர்கள் அவருக்குக் கம்பி சார் என்று பேர் வைத்திருந்தார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். எங்கள் இருவருக்கும் ஒரே வயிற்றெரிச்சல்தான். எங்கள் பக்கத்தில் யார் வீடு கட்டினாலும் கான்கிரீட்டைச் சோதிக்க வேண்டுமானால் சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோய் முடிவு வருவதற்குள் அந்த வீட்டில் கிரகப்பிரவேசம் முடிந்து, பால் காய்ச்சி, வாடகைக்கும் ஆள் வந்திருக்கும். அதனால் பெரும்பாலும் யாரும் சோதிப்பதில்லை. நாமே ஒன்று ஆரம்பித்தால் என்ன என்று கம்பி சார் கேட்டார். நான் வேலையை விட்டேன். அவரும் விட்டார். என் வீட்டுக்காரர் மட்டும் மின்வாரிய வேலையை விடவில்லை. அவருக்குப் புத்தி உண்டு.

இனி அண்ணன். என்னைவிட மூத்தவர், அரூரில் கட்டடக் காண்டிராக்டர். அரூரைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் வண்டியை மெதுவாக்கி, "இது நான் போட்டது, அது நான் போட்டது" என்று சொல்லிக்கொண்டே வருவார். கோயில் கோபுரத்தைக் காட்டி அப்படிச் சொல்லாதது ஒன்றுதான் பாக்கி. அப்பா போன பிறகு அந்த வீட்டில் எனக்கு எல்லாமாக இருந்தவர். எனக்குக் காதோரம் நரைத்துவிட்டது, இன்னும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். நிலையம் ஆரம்பிக்கிறேன் என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கட்டடம் யாரு கட்டறது?"

"நீதான்ணா."

"பின்ன? தங்கச்சி ஆபீஸ வேற எவனோ கட்டுனா நான் வெளிய தல காட்ட முடியுமா?"

அப்படித்தான் வேலை ஆரம்பித்தது. அஸ்திவாரம் தோண்டுவதிலிருந்து எல்லாம் அவர் இஷ்டம். நான் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்து, "நல்லாத்தான் வரஞ்சிருக்க" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதன்பின் அந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லை.

சித்திரை மாத வெயிலில் கூரைக்குக் கான்கிரீட் போட்டோம். எங்கள் பக்கத்தில் கூரை போடுகிற நாள் என்றால் அது பாதி வேலை, பாதி திருவிழா. போடுகிறவர்கள் அத்தனை பேருக்கும் மத்தியானம் கறிசோறு போட வேண்டும். போடாவிட்டால் கட்டடமே நிற்காது என்கிற மாதிரிப் பேசுவார்கள். அண்ணன் அதிலும் குறை வைக்கவில்லை. ஆடு அடித்தார். மூலையில் கொஞ்சம் இடம் பாக்கி இருக்கும்போதே இலை போட்டாயிற்று, சூடு ஆறிவிடும் என்று எல்லாரையும் மேலிருந்து இறக்கிச் சாப்பிட உட்காரவைத்தார். கலவை மெஷின் உள்ளே மிச்சக் கலவையோடு வெயிலில் சும்மா நின்றது. "அண்ணா, முடிச்சிட்டு உக்காரலாமே" என்று நான் சொன்னேன். "பாப்பா, வேல செய்யறவன் வவுத்த மொதல்ல பாரு" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, குழம்பும் நன்றாகத்தான் இருந்தது.

அன்று காலையிலேயே, கூரைக்குப் போகிற அதே கலவையை அரையடி அளவு இரும்பு அச்சுகளில் போட்டு மூன்று கற்களாக வார்த்திருந்தோம். எல்லாரும் அதை க்யூப் என்பார்கள். மறுநாள் அச்சிலிருந்து எடுத்துத் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். தண்ணீரில் கிடந்தால்தான் சிமெண்ட் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும், உலர்ந்தால் வேலை பாதியில் நின்றுபோகும். இருபத்தெட்டு நாள் கழித்து மெஷினில் வைத்து நசுக்கினால் கூரையின் லட்சணம் தெரிந்துவிடும். எங்கள் கட்டடத்தில் தண்ணீர்த் தொட்டி இன்னும் கட்டவில்லை. "எங்க வூட்டுத் தொட்டியில போட்டு வெக்கறேன்" என்று அண்ணன் மூன்று கற்களையும் காரின் பின் சீட்டில் உட்காரவைத்து அரூருக்குக் கொண்டுபோனார். தண்ணீரை விட்டு வெளியே எடுக்கவே கூடாது என்று நான் சொல்லித்தான் அனுப்பினேன். "எனக்கேவா?" என்றார்.

வைகாசியில் திறப்பு விழா. வெளிப்பூச்சுகூட முடியவில்லை, ஆனால் அண்ணன் பார்த்த முகூர்த்தம், தள்ள முடியாது. கற்களுக்கும் அன்றைக்குத்தான் நாள் நிறைந்தது. முதல் சோதனையே எங்கள் கூரையின் சோதனையாக இருக்கட்டும் என்று கம்பி சாரும் நானும் முடிவு செய்திருந்தோம். பத்துப் பேர் வருவார்கள், மூன்று கற்களை நசுக்கிக் காட்டிவிட்டுக் கேசரி கொடுக்கலாம் என்பது எங்கள் திட்டம்.

காலையில் ரோட்டுப் பக்கம் மேளச் சத்தம் கேட்டது. ஏதோ கல்யாண ஊர்வலம் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் என் அண்ணன், பட்டு வேட்டியில். பின்னால் அண்ணி. அவர் பின்னால் அரூரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்த சொந்தக்காரப் பெண்கள், ஆளுக்கொரு சீர்த்தட்டோடு. ஒன்றில் மாம்பழம், ஒன்றில் எனக்குப் பட்டுப்புடவை, ஒன்றில் கம்பி சாருக்கு வேட்டி. அடுத்த மூன்று தட்டுகளைச் சுமந்தவர்கள் மட்டும் முகம் சிவந்து, மூச்சு வாங்கி, தட்டை இடுப்புக்குக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மஞ்சள் பூசி, சந்தனம் வைத்து, குங்குமமிட்டு, மல்லிகைச் சரம் சுற்றி, அந்த மூன்று தட்டுகளிலும் எங்கள் கான்கிரீட் கற்கள். ஒவ்வொன்றும் எட்டுக் கிலோ.

"தங்கச்சி ஆபீஸுக்கு வெறுங்கையோட வர முடியுமா?" என்றார் அண்ணன்.

கம்பி சார் ஒரு கல்லைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். "அய்யோ தேவரே, மேடம், இது காஞ்ச மாதிரி இருக்குதே" என்று, கடவுளைக் கன்னடத்தில் கூப்பிட்டு, என் காதோரம் சொன்னார். நான் அண்ணனைக் கேட்டேன். "வேன்ல வெயில்ல வந்துது, காயாதா? நீ ஆரம்பி, நல்ல நேரம் போவுது" என்றார்.

அதற்குள் இன்னொரு சிக்கல் வந்தது. இந்தக் கற்களை இப்போது உடைக்கப்போகிறார்கள் என்பது வந்த பெண்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. பெரியம்மா முறையில் ஒருவர் குரலை உயர்த்தினார். "என்னாது, ஒடைக்கவா? சீராக் கொண்டாந்தத எவனாச்சும் ஒடைப்பானா? நல்ல நாளும் அதுவுமா!" நாலு பேர் ஆமாம் போட்டார்கள். அண்ணன்தான் கையை உயர்த்திச் சமாதானம் சொன்னார். "இருங்க. இது ஒடையறதுக்குன்னே பொறந்த கல்லு. ஆனா லேசுல ஒடையாது, பாருங்க. போட்டது யாரு?"

கல்லை மெஷினில் வைத்தோம். அடியிலிருந்து எண்ணெய் அழுத்தம் மெதுவாக ஏறும், பக்கத்துத் திரையில் எண் ஓடும், கல் உடைந்ததும் எண் நின்றுவிடும். எங்கள் கல் நானூற்றைம்பதை, அதாவது ஏறக்குறைய நாற்பத்தைந்து டன் பாரத்தை, தாண்ட வேண்டும். அதை அண்ணன் எல்லாருக்கும் உரக்க அறிவித்தார். "நானூத்தம்பது தாண்டுனா பாஸு. நம்மளது ஐநூறுக்குக் கொறையாது."

முந்நூற்றுச் சொச்சத்தில் கல் 'படக்'கென்று நொறுங்கியது. மல்லிகைச் சரம் மட்டும் சேதமில்லாமல் இருந்தது.

இரண்டாவது கல்லும் அப்படித்தான். மூன்றாவதை வைத்தோம். அதுவும் அங்கேயே நின்றது. மேளக்காரர் மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தட்டுத் தட்டி நிறுத்தினார். அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் அப்படிச் சிறுத்து நான் பார்த்ததில்லை. ஊர் ஊராகப் போய் நான் போட்டது நான் போட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால், தங்கச்சியின் மெஷினில் தோற்று நின்றார்.

"மெஷினு புதுசுல்ல, பழகியிருக்காது" என்றார் பெரியம்மா. மெஷினைச் சரிபார்க்கிறவர் முந்தின வாரம்தான் வந்து போயிருந்தார். மெஷின் மேல் பழி போட வழியில்லை.

அப்போதுதான் அண்ணி விம்மினார். என் அண்ணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அசையாமல் இருக்கிற எதுவானாலும் குங்குமம் வைத்துவிடுவார். பிரிட்ஜுக்கு வைத்திருக்கிறார். கேஸ் சிலிண்டருக்கு வைத்திருக்கிறார். நான் ஒரு இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றால் எனக்கே வைப்பார். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தெனமும் பூ மாத்துனனே பாப்பா… சூடங் காட்டுனனே… எப்படி ஒடஞ்சிது?" என்றார்.

"எங்க வெச்சுப் பூ மாத்துனீங்கண்ணி?"

"சாமி ரூம்புலதான்."

கம்பி சார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். கற்களைத் தொட்டியில் போடும்போது அண்ணன் வீட்டில், "இது பாப்பா ஆபீஸோட மொதக் கல்லு, பத்தரம்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். முதல் கல்லென்றால் எவ்வளவு பெரிய விஷயம். அதைத் துணி துவைக்கிற தொட்டிக்குள் அமுக்கி வைப்பதா? அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. மூன்றாம் நாளே மூன்றையும் வெளியே எடுத்து, துடைத்து, விபூதி பூசி, சாமி அறையில் மணைப்பலகை போட்டு வைத்துவிட்டார். அண்ணன் விடியுமுன் கிளம்பி இருட்டிய பிறகு வருகிறவர். சாமி அறைப் பக்கம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் எட்டிப் பார்ப்பார். ஆக, தண்ணீரில் ஊற வேண்டிய என் கற்கள் மாதம் முழுக்கச் சாம்பிராணிப் புகையில் காய்ந்து, இறுகாமலே பக்தி வளர்த்திருக்கின்றன.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அண்ணனுக்கு உயிர் திரும்பி வந்தது. "கேட்டுச்சா? கான்கிரீட்டுல தப்பில்ல, இவ பண்ண கூத்து!" என்று அண்ணியை ஒரு முறை முறைத்துவிட்டு, என்னிடம் திரும்பினார். "சரி பாப்பா, பாஸுன்னு எழுதிக்க."

"அது எப்படிண்ணா எழுத முடியும்?"

"அதான் சொல்றாளே."

"கல்லு ஏன் ஒடஞ்சிதுன்னு தெரிஞ்சிது. கூர நல்லாருக்குதான்னு தெரியலியே."

"நான் சொல்றேன், நல்லாருக்குது."

கூட்டம் முழுக்க எங்களைப் பார்த்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அது எங்கள் குடும்பச் சொத்து, பங்கு பிரிக்காமல் இருவருக்கும் வந்தது. "நீ சொல்றத எழுதறதுக்கு எனக்கு மெஷினு எதுக்குண்ணா? ஒரு பேனா போதுமே" என்றேன். சோதித்துப் பார்க்க ஒரே வழிதான் பாக்கி. கூரையில் துளை போட்டு, உள்ளிருந்து உருளையாக ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். அதையும் சொன்னேன்.

அண்ணன் போய்ப் பந்தியில் உட்கார்ந்தார். இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாயிற்று, நான் சோற்றுக் குண்டானை எடுத்துக்கொண்டு அவரிடம்தான் முதலில் போனேன். ஒரு கரண்டி போட்டேன். அவர் இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

"கூடப் பொறந்தவன் சொன்னா ஒனக்குப் பத்தல. ஓட்டப் போட்டுத்தான் பாப்ப. போட்டுக்க. எத்தன வேணுமோ போட்டுக்க. ஆனா எங் கான்கிரீட்டு ஒம் மெஷினுல பாஸாவற வரைக்கும் ஒங் கையால ஒரு வாய் சோறு தின்ன மாட்டேன்."

பட்டு வேட்டி சரசரக்க நடந்து வேனில் ஏறிவிட்டார். அவர் பின்னால் வந்த கூட்டம், சாப்பிடுவதா எழுவதா என்று தெரியாமல் கையில் பிசைந்த சோற்றோடு விழித்தது. பெரியம்மாதான், "அவன் எந்திரிச்சா எந்திரிக்கட்டும், ரசத்த ஊத்து" என்றார்.

என் கேசரியைத் தொடாமல் வைத்துவிட்டேன். அண்ணன் என்னிடம் கோபித்துக்கொண்டு போய் நான் பார்த்ததே இல்லை. இந்தக் கூரை நன்றாக இருக்க வேண்டுமே என்று நானும் அன்றைக்குச் சாமி கும்பிட்டேன். அண்ணியைக் கேலி செய்ய எனக்கு என்ன யோக்கியதை?

துளை போட்டோம். மூன்று இடங்களில். கம்பி சார் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு துளை போடுகிற மெஷினைத் தானே பிடித்தார். முதல் இரண்டு உருளைகளும் கையில் எடுக்கும்போதே கனமாக, வழவழவென்று இருந்தன. நசுக்கிப் பார்த்தோம், தேவைக்கு மேலேயே தாங்கின. எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அண்ணனுக்கு அப்போதே போன் செய்யலாம் என்று நினைத்தேன். மூன்றாவது துளை, என் மேஜைக்கு நேர் மேலே வருகிற மூலையில். அந்த உருளை முழுதாக வெளியே வரவே இல்லை. ஜல்லி தனியாக, மணல் தனியாகக் கையில் உதிர்ந்தது.

கறிசோறு சாப்பிட இறங்கிய மூலை அது. கலவை மெஷினுக்குள் காத்திருந்த மிச்சம் அந்த வெயிலில் இறுகியிருக்கிறது. சாப்பிட்டுத் திரும்பியவர்கள் அதில் தண்ணீரை ஊற்றி இளக்கிப் போட்டுவிட்டார்கள். இறுகத் தொடங்கிய கலவையில் தண்ணீர் சேர்த்தால் அதன் பலம் போய்விடும். மற்ற இடமெல்லாம் கல் மாதிரி, அந்த மூலை மட்டும் உப்புமா மாதிரி.

இதை அண்ணனிடம் சொல்லியாக வேண்டும். போன் செய்தால் எடுக்கவில்லை. அண்ணிக்குச் செய்தேன். அவர் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நடுவராக இருந்தார். நான் பேசுவது அண்ணனுக்கு நன்றாகவே கேட்டது, அவர் கத்துவது எனக்கும் கேட்டது. ஆனாலும் அண்ணி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார்.

"ரெண்டு எடம் நல்லாருக்குதாங்க. ஒரு மூல மட்டும் சரியில்லையாம்."

"எந்த மூலன்னு கேளு."

"எந்த மூலன்னு கேக்கறாரு பாப்பா."

"கறிசோறு மூலன்னு சொல்லுங்கண்ணி."

அண்ணிக்குத் திருப்பிச் சொல்ல ஒன்றுமில்லாமல் போய், "கம்முன்னு இருக்காருங்க பாப்பா" என்றார்.

மறுநாள் காலை நான் போகும்போது கட்டடத்தின் முன்னால் அண்ணனின் டெம்போ நின்றது. ஆட்கள் கீழே முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மேலே நின்று கடப்பாரையால் அந்த மூலையைத் தானே கொத்திக்கொண்டிருந்தார். அந்த வயதில் அவர் கடப்பாரை பிடித்து எத்தனை காலம் இருக்கும்! கம்பியை மட்டும் விட்டுவிட்டு மூலை முழுவதையும் உதிர்த்துத் தள்ளினார். என்னைப் பார்த்தார், ஆனால் பார்க்காத மாதிரி பார்த்தார். மத்தியானம் வீட்டிலிருந்து கொண்டுவந்த அடுக்குப் பாத்திரத்தைத் திறந்து, புங்க மரத்தடியில், சரியாக என் ஜன்னலுக்கு நேரே உட்கார்ந்து சாப்பிட்டார். ஒவ்வொரு வாயையும் எனக்குக் காட்டுகிற மாதிரி.

நான் மோர் கொடுத்தனுப்பினேன். வாங்கிக் குடித்தார். சபதம் சோற்றைப் பற்றித்தானே, மோர் அதில் சேராது என்று கம்பி சாரிடம் விளக்கம் சொன்னாராம். டீயும் சேராதாம். அடுத்த நாள் இட்லி கொடுத்தனுப்பினேன். இட்லியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது அரிசில்ல?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். போண்டாவை வாங்கிக்கொண்டார். என் வீட்டுக்காரர் இந்தச் சண்டையில் கரண்டு கம்பம் மாதிரி நின்றார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுத்தால் கம்பம் சாயாது என்பது அவருக்குத் தொழிலில் தெரிந்த விஷயம்.

மூலையைப் புதிதாகப் போட்ட அன்று யாருக்கும் கறிசோறு கிடையாது. கடைசிச் சட்டிக் கலவை மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் தக்காளி சாதப் பொட்டலம். அண்ணனே பக்கத்தில் நின்று மூன்று கற்கள் வார்த்தார். மறுநாள் அச்சைக் கழற்றி, நாங்கள் அதற்குள் கட்டியிருந்த தொட்டியைக் காட்டினோம். அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கற்களை அரூருக்கே எடுத்துக்கொண்டு போனார். கம்பி சார் கையைப் பிசைந்தார். "மேடம், மறுபடியும் சாமி ரூமா?"

அந்த மாதம்தான் எங்களுக்குத் தொழில் வந்தது. நாங்கள் விளம்பரமே கொடுக்கவில்லை. அரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஆரம்பித்துக் கதை போய்க்கொண்டே இருந்திருக்கிறது. முதல் ஆள் தன் புது வீட்டுக் கற்களோடு வந்து, என்னை ஏற இறங்கப் பார்த்து, "அண்ணனையே பெயில் பண்ணுன பொம்பள நீங்கதானுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப இத வெச்சுப் பாத்து நெசத்தச் சொல்லுங்க" என்று வண்டியிலிருந்து கற்களை இறக்கினார். அடுத்து வந்தவரும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டார். எனக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. என் நிலையம் எழுந்து நின்றது அண்ணனின் பேர் விழுந்த இடத்தில். அரூரில் வீடு கட்டுகிற ஒருவர் அண்ணனிடம் கொடுத்த வேலையைப் பாதியில் நிறுத்தி வைத்திருப்பதாக அண்ணி போனில் சொன்னார். அண்ணன் அதைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் அவர் பேசுவதே இல்லையே.

ஆடி பிறந்து காற்று பலகையை ஆட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் டெம்போ வந்து நின்றது. அண்ணன் பின்னால், நீலநிற பிளாஸ்டிக் டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. டிரம் நிறையத் தண்ணீர், தண்ணீருக்குள் மூன்று கற்கள். மேலே நாலு செம்பருத்திப் பூ மிதந்தது.

அவர் என்னைப் பார்க்காமல் கம்பி சாரிடம் சொன்னார். "தண்ணிய விட்டு எடுக்கவே இல்ல சார். சாமி ரூம்பு பக்கமே காட்டல. பூவு நான் போடல, அவ போட்டது. பூவு போட்டா ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஒண்ணும் ஆவாதுங்கண்ணே."

கல்லைத் துடைத்து மெஷினில் வைத்தேன். இந்த முறையும் நின்றுவிட்டால் இந்த மனிதர் என் வீட்டில் இனி எப்போதும் சாப்பிட மாட்டார். அது எனக்குத் தெரியும், அவர் பிடிவாதமும் என் பிடிவாதமும் ஒரே பானையில் வெந்தவை. ஆனாலும் திரையில் என்ன வருகிறதோ அதைத்தான் எழுதுவேன் என்பதும் எனக்குத் தெரியும். விசையைத் திருப்பினேன்.

எண் ஏறியது. முந்நூறு தாண்டியபோது அண்ணன் மெஷினுக்குக் கிட்டே வந்துவிட்டார். "ம்… ஏறு" என்றார் மெல்ல. முந்நூற்றைம்பது. "ஏறு ஏறு." நானூறு வந்ததும் அவருக்கு மறந்துபோய்விட்டது, நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்பது. எருது விடும் விழாவில் தன் ஊர் மாட்டுக்குக் கத்துகிற மாதிரி, "தாங்குடா! தாங்கு! பாப்பா, பாரு, தாங்குது பாரு!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். நானூற்றைம்பதைத் தாண்டியது. ஐநூறைத் தாண்டியது. கம்பி சார் கன்னடத்தில் ஏதோ கத்தினார். அதற்கும் மேலே போய்த்தான் கல் உடைந்தது.

மற்ற இரண்டும் அப்படியே. நான் எழுதி முடித்துத் தாளை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. என் மேஜைக்கு மேலே, புதிதாகப் போட்ட மூலையைத்தான் அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "பாப்பா, பசிக்குது" என்றார்.

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அவருக்கென்று சமைத்தது ஒன்றுமில்லை, அன்று அவர் வருவார் என்று யார் கண்டார்கள்? என் மத்தியானச் சாப்பாட்டு டப்பா மட்டும் இருந்தது. தயிர் சாதம், ஓரத்தில் நார்த்தங்காய் ஊறுகாய். இலை இல்லை, தட்டு இல்லை. டப்பாவைத் திறந்து கொடுத்தேன். அந்த மூலைக்குக் கீழேயே, என் நாற்காலியில் உட்கார்ந்து, தலை நிமிராமல் சாப்பிட்டார்.

முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "உப்புப் பத்தல. பெயிலு" என்றார். பிறகு டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த பருக்கைகளையும் விரலால் வழித்துச் சாப்பிட்டார்.